புறாக் கலந்தரின் சாட்சி

பவழத்துறையில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்து ரமலான் எந்தக் கிழமையில் பிறந்தது என்பதற்கு இரண்டு பதில் கிடைக்கும். இரண்டு பதிலையும் ஒரே ஆள்தான் சொல்வார். அதற்கு அந்த ஊரில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காழியாக இருந்த இஸ்ஹாக் ஆலிம்சாதான் காரணம் என்பதை அவரே பள்ளிவாசலில் நின்று சொல்லிவிட்டதால், அதை நாமும் சொல்வதில் தப்பில்லை.

இஸ்ஹாக் ஆலிம்சாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக மணமுறிவும் பாகப் பிரிவினையும் பிறை அறிவிப்பும் அவர் வாயிலிருந்துதான் ஊருக்கு வந்தன. அரபுக் கிதாபின் எந்தப் பக்கத்தில் எந்த வரி எந்த இடத்தில் மடங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். கோபமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று காழிகளுக்கு விதி இருக்கிறதே என்பதற்காக, வழக்குக் கேட்க உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி, ஸபிய்யா. வாப்பாவும் உம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். தன்னிடம் ஓதிய ஓர் ஆலிமுக்கு அவளைக் கொடுக்க நினைத்திருந்தபோது, அவளோ உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த கலந்தர் மீரானைத்தான் கட்டுவேன் என்று சொல்லியனுப்பினாள். கலந்தர் அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் நாற்பது புறா வளர்த்து, நாள் முழுக்க வானத்தைப் பார்த்து விசிலடித்துக்கொண்டு நின்றவர். ஆனாலும் பெண் தானே விரும்பிக் கேட்ட மாப்பிள்ளையைத் தக்க காரணமில்லாமல் மறுக்கப் பொறுப்பாளிக்கு உரிமையில்லை என்பது சட்டம் என்பதால், ஆலிம்சா சட்டப்படியே தன் வாயால் நிக்காஹ் செய்து கொடுத்தார். கலந்தர் அந்த வாரமே புறாக்களை எல்லாம் வெளியூர்க்காரனிடம் கொடுத்துவிட்டுக் கூண்டைப் பிரித்து அடுப்புக்குப் போட்டார். ஆலிம்சா அந்த வீட்டு வாசலை அதற்கப்புறம் பதினோரு வருஷம் மிதிக்கவில்லை.

அந்தப் பதினோராம் வருஷம், ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம், மேற்கே மேகம் அடைத்திருந்ததால் ஊரில் யாருக்கும் பிறை தெரியவில்லை. அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், முழங்கால் வரை உப்புச் சேறோடு கலந்தர் உள்ளே வந்தார்.

"பிறை பார்த்தேன், காழியார்," என்றார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"எங்கே இருந்து பார்த்தீங்க?"

"மேலப் பாத்தி வரப்புல நின்னு. மேகம் ஒரு விரக்கடை விலகுச்சு, அதுக்குள்ள இருந்துச்சு. நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. அல்லாஹ் அறியப் பார்த்தேன்."

ரமலான் பிறைக்கு நேர்மையான ஒரே ஒரு ஆளின் சாட்சி போதும் என்பதால், ஊரின் நோன்பு முழுவதும் அந்த நேரத்தில் கலந்தர் ஒருவரின் மேல் நின்றது. புறாவை ஆகாசத்தில் கடுகளவுக்குத் தேடிப் பழகிய அந்தக் கண் பொய் சொல்லாது என்று ஆலிம்சாவின் நெஞ்சுக்குத் தெரிந்தது. தெரிந்த உடனேயே அதே நெஞ்சில் வேறொன்றும் எழும்பியது. அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்கவில்லை. கிதாபை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தைப் பிரித்து, தெருவில் நின்று தின்பவன், கோமாளித்தனம் செய்து பிழைப்பவன், புறா விடுவதையே வேலையாகக் கொண்டவன் ஆகியோருக்கு மரியாதை குறைந்துபோவதால் அவர்கள் சாட்சி ஏற்கப்படாது என்ற வரியைச் சத்தமாக வாசித்தார். அவன் அதை விட்டுத் திருந்தி ஒரு வருஷம் அப்படியே நிலைத்திருந்தால் ஏற்கப்படும் என்று அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் இருந்த வரியை வாசிக்காமல் கிதாபை மூடினார். அந்த ஊரில் அரபு கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர் மூடிய பக்கத்தைத் திறந்து பார்க்கிற துணிச்சல் உள்ளவர்கள் இல்லை.

"நீங்க பார்த்தது உண்மைன்னா, நாளைக்கு உங்களுக்கு நோன்பு கடமை. ஊருக்குக் கடமையில்லை," என்று முடித்தார். அதுவும் சட்டம்தான்.

தங்கச்சி மாப்பிள்ளை என்றும் பார்க்கவில்லையே என்று ஊர் அவரை மெச்சியது. கலந்தர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போய், மறுநாள் தனியாளாக நோன்பு பிடித்தார். ஊர் அதற்கு அடுத்த நாள் பிடித்தது. அன்றிலிருந்து கலந்தர் ஊருக்கு ஒரு நாள் முந்தி வாழ ஆரம்பித்தார்.

முதலில் அதைக் கண்டது ஸபிய்யாதான். நோன்பின் நாலாம் நாள், மண்ணில் கால் வைக்க முடியாத வெயிலில், கலந்தர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு அந்தக் கோடையின் ஒரே மழை பெய்து உப்பளத்தில் ஒரு மாதத்து உப்பைக் கரைத்துவிட்டது. பிறகு மோதினாரைப் பார்த்து, "கால் வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டார். எந்தக் கால் என்று சிரித்த மோதினார் மறுநாள் பாங்கு சொல்லப் போகையில் படியில் சறுக்கி விழுந்தார். வியாழக்கிழமைகளில் கலந்தர் குளித்து அத்தர் பூசி, வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்மாவுக்கு வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அவருக்கு எந்த ஜும்மா கணக்கு என்று ஊரார் ஆலிம்சாவிடம் கேட்டபோது, ஊர் கூடி நிற்கிற ஜும்மாவில் நிற்பதே கடமை, மற்றது உபரி என்று அவர் கலந்தரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வீட்டில் புது மருமகள் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான், முதல் வாரம் எட்டிப் பார்த்தது, அடுத்த வாரம் வேலை வாங்கத் தொடங்கியது. கலந்தரின் தலைமுடி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உப்பளக்காரர்கள் உப்பு அம்பாரத்தின் மேல் பனையோலை போட்டார்கள். அவர் மூச்சில் என்ன மீன் வாசம் அடிக்கிறது என்று கவனித்துவிட்டுத் தோணிக்காரர்கள் வலையை எடுத்தார்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அவர் வீட்டு வாசல் வழியாக ஒருமுறை நடந்து, அவர் வாழ்த்துச் சொல்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். ஸபிய்யாவிடம் பெண்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாய் என்று கேட்டால், "நான் நாளைக்கு என்ன ஆணம் வைப்பேன்னு அவுககிட்ட கேட்டுத்தான் இன்னிக்கு மீனே வாங்குறேன். யோசிக்கிற வேலை மிச்சம்," என்பாள்.

ஆனால் ஊரின் ஆலிம்களுக்கு அது சிரிப்பாக இல்லை. மறைவானது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். குறி சொல்கிறவனிடம் போய்க் கேட்டவனுக்கு நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது. ஊரே நாற்பது நாள் தொழுகையை இழந்துகொண்டிருக்கிறதா என்று மூன்று பேர் ஆலிம்சாவின் முன் கூடி உட்கார்ந்து விவாதித்தார்கள். குறிகாரன் பார்க்காததைச் சொல்கிறவன், இவர் பார்த்ததைச் சொல்கிறவர், ஆகவே இவர் குறிகாரர் இல்லை, சாட்சிக்காரர் என்று ஒருவர் சொன்னார். அது சரியான வாதம் என்று ஆலிம்சாவுக்குத் தெரிந்தது. அதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது.

"சாட்சிக்காரர்தான். ஆனா சாட்சி ஏற்கப்படாதவர்," என்று அவர் முடித்தார். "அவர் பிறை செல்லாதுன்னா அவர் நாளையும் செல்லாது. இனிமே நாளையைப் பத்தி அவர் யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது."

கலந்தரைக் கூப்பிட்டு இதைச் சொன்னார்கள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து மழையில் நனைந்தால் பின்வாசல் வழியாக வந்தார், யாரிடமும் நலம் விசாரிப்பதைக்கூட விட்டுவிட்டார். ஐந்து மாதம் அந்த வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் ஆலிம்சாவுக்கு ஓதுகிற இடமெல்லாம் மூடிய பக்கத்தின் கீழ்ப் பாதியாகவே தெரிந்தது. மனதைக் கழுவும் பயிற்சிகளைப் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் அவர் பாடம் நடத்துவார். இரவில் படுக்குமுன் அன்றைய செயல்களை ஒவ்வொன்றாகத் தன்னிடமே விசாரிக்க வேண்டும் என்று சொல்லும்போது, அவருடைய விசாரணை எப்போதும் ஒரே இடத்தில் வந்து வாயடைத்து நிற்கும்.

ஒரு புதன்கிழமை, மதியத்து லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் கலந்தர் பள்ளிக்குள் வந்தார். கடைசி வரிசையில் நின்று கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார். குனியவில்லை, நெற்றியைத் தரையில் வைக்கவில்லை. நின்றபடியே அல்லாஹு அக்பர் என்று நாலு தக்பீர் சொல்லி இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்தார். அது மய்யித்துக்கு, இறந்தவர் உடலுக்குத் தொழுகிற தொழுகை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்னால் மய்யித்து வைக்கும் சந்தூக் இல்லை. அரை மணி நேரம் கழித்து அவர் பள்ளியின் ஹவுல் தொட்டியில் கை கழுவுவதை மோதினார் பார்த்தார். விரல்களில் ஈர மண் அப்பியிருந்தது, ஊரின் அடக்கத்தலமான மையவாடியின் செம்மண்.

நாளைக்கு ஒருவர் அடக்கமாகப் போகிறார் என்பது சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. கலந்தர் சொல்ல மாட்டார், சொல்லக் கூடாது என்பது தீர்ப்பு. ஆகவே ஊரில் ஒவ்வொருவரும் அது தானாக இருக்கலாம் என்று எழுந்து நின்றார்கள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி சுவரோரம் வந்து ஒரே நேரத்தில் இருமினார்கள். மாமியார் மருமகளின் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூட வாத்தியார் தான் அடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கு வரிசையாகப் போனார். தெருவெல்லாம் மன்னிப்புக் கேட்கிறவர்கள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். தேடிப்போன ஆள் தன்னைத் தேடி வந்துகொண்டிருப்பதை வழியிலேயே கண்டு நின்றார்கள்.

சந்தேகம் வந்தவர்கள் எல்லோரும் ஆலிம்சாவிடம் வந்தார்கள். "பொதுவா, என்னை மன்னிச்சிருங்கன்னு சொன்னாப் போதுமா, இல்ல செஞ்சதைச் சொல்லணுமா?" என்று ஒருவர் கேட்டார். செய்ததைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும், எதை மன்னிக்கிறோம் என்று தெரியாதவர் கொடுக்கிற மன்னிப்பு முழு மன்னிப்பில்லை என்று ஆலிம்சா பதில் சொன்னார். அதையே பதினேழு பேருக்குச் சொன்னார். பதினெட்டாவது ஆள் வாயைத் திறக்குமுன் எழுந்து, செருப்பை மறந்து, உப்பளத்துக்கு நடந்தார்.

கலந்தர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"யாருன்னு சொல்லுங்க," என்றார் ஆலிம்சா.

"நான் சாட்சி இல்லையே, மச்சான்."

அதைக் குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. ஒரு ஆள் தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆலிம்சா அவர் முகத்தைப் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார். ஏற்கெனவே அழுது முடித்த முகமாக அது இருந்தது.

மஃரிப் தொழுகைக்கு நிற்க இடமில்லாமல் ஊர் வந்திருந்தது. தொழுகை முடிந்ததும் ஆலிம்சா கிதாபை எடுத்துவரச் சொல்லி, அன்றைக்குத் திறந்த அதே பக்கத்தைத் திறந்து, மேல் பாதியை வாசித்து, கீழ்ப் பாதியையும் வாசித்தார்.

"இந்தக் கீழ்ப் பாதி அன்னிக்கும் எனக்குத் தெரியும்," என்றார். "கலந்தர் மீரான் புறா வளர்க்கிறதை விட்டுப் பதினோரு வருஷம். ஒரு வருஷம் போதும்னு இருக்கு. அவர் சாட்சி நேர்மையான சாட்சி. என் தங்கச்சி என் சொல்லைக் கேட்கலங்கிற கோபத்துல நான் அதை மறைச்சேன். அவர் பார்த்த பிறை பிறைதான். இந்த ஊர்ல நோன்பு கடமையான ஒவ்வொருவர் மேலயும் ஒரு நோன்பு பாக்கி இருக்கு. அதுக்குக் காரணம் நான். இன்னியிலிருந்து நான் காழி இல்லை."

தூணோரம் இருந்து ஒருவர் எழுந்தார். அவருடைய தகப்பனார் பெருநாள் கழிந்து நாற்பதாம் நாள் மௌத்தாகி அடக்கமானவர்.

"எங்க வாப்பா ஒரு நோன்பு விடாம பிடிச்சோம்னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனாரு ஆலிம்சா," என்றார். "அவருக்கு யாரு போய்ச் சொல்றது?"

ஆலிம்சாவிடம் அதற்குச் சட்டம் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "அது என் கழுத்துல," என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் அவரைத் தாண்டி வெளியே போனார். பலரும் அப்படியே போனார்கள். சிலர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் கலந்தர் மட்டும் நின்றார். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவியும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த செம்மண் இப்போது இல்லை.

"இன்னிக்குப் புதன்தானே?" என்று கேட்டார்.

"புதன்தான்."

"எனக்கு வியாழன் ராத்திரி ஆயிருந்துச்சு மச்சான். இப்பப் புதனா ஆயிருச்சு." அவர் குரல் இறங்கியது. "ஸபிய்யாதான். நாளைக்குக் காலைல, எட்டு மணி இருக்கும். பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா."

இரண்டு பேரும் அந்த வீட்டுக்கு நடந்தார்கள். ஸபிய்யா கதவைத் திறந்து, வாசலில் நிற்கிற அண்ணனைப் பார்த்து, பிறகு அவருக்குப் பின்னால் நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"வாங்க காக்கா," என்றாள். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "காலைல இவுக வேலைக்குப் போகாம லுஹர் வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாக. இப்ப நீங்களும் வந்துட்டீங்க. அப்ப நான்தானா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உட்காருவதற்குப் பாயை விரித்தாள்.

ஆலிம்சா தான் செய்ததைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறையை மறைத்தது, வாசலை மிதிக்காதது, உம்மாவின் வருஷ நினைவு ஃபாத்திஹாவுக்கு அவள் சோறு கொடுத்தனுப்பியபோது வாங்காமல் திருப்பியது, அவள் இரண்டு முறை கரு கலைந்து படுத்திருந்தபோது தெரிந்தும் தெரியாததுபோல இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஸபிய்யா, "கடைசியா சொன்னது மட்டும் எனக்கு இன்னும் வலிக்குது காக்கா. அதைக் கொஞ்ச நேரம் கழிச்சு மன்னிக்கிறேன். மத்ததெல்லாம் எப்பவோ ஹலாலாக்கிட்டேன்," என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் மூன்று பேருக்கும் சோறு போட்டு வந்தாள். சாப்பிடும்போது அண்ணனின் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள்.

ஆலிம்சா சொல்லியனுப்பியதும் பக்கத்து டவுனிலிருந்து காரில் டாக்டர் அம்மா வந்து, நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று ஆலிம்சா கேட்டதற்கு, "அங்கே போய் யாருமில்லாத கட்டில்ல கிடக்கச் சொல்றீங்களா?" என்று ஸபிய்யா கேட்டுவிட்டாள். அந்த ராத்திரி மூன்று பேரும் தூங்கவில்லை. ஸபிய்யா பேசிக்கொண்டே இருந்தாள். கலந்தர் ஏற்கெனவே ஒருமுறை தூங்கிக் கழித்த ராத்திரி அது என்பதால், ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார்.

காலையில் துணி காயப் போட விடாமல் அவளை உள்ளேயே உட்கார வைத்தார்கள். எட்டு மணிக்கு, பேசிக்கொண்டிருந்த அண்ணனின் கையைப் பிடித்து, "காக்கா, அதையும் மன்னிச்சிட்டேன்," என்றாள். கலந்தரின் தோளில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

லுஹருக்குப் பிறகு மய்யித்துக்குத் தொழவைத்தார்கள். காழி பதவி இல்லாத இஸ்ஹாக் ஆலிம்சா மூன்றாம் வரிசையில் நின்று தொழுதார். மையவாடியில் செம்மண் குழிக்குள் கலந்தர் முதலில் இறங்கினார். கூடவே இறங்க யார் என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தபோது, ஆலிம்சா தலைப்பாகையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். இரண்டு பேரும் அவளை வாங்கி, தொழும் திசையான கிப்லாவை நோக்கிச் சாய்த்துக் கிடத்தி, கன்னத்தின் கீழ் மண்ணை அணைத்து வைத்தார்கள்.

நிமிரும்போது கலந்தர் அவர் காதருகில் மெதுவாகச் சொன்னார்.

"நான் முதல்ல பார்த்த வியாழக்கிழமைல நீங்க உள்ளே இறங்கல மச்சான். மையவாடி வாசல்கிட்ட நின்னுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டீங்க. துணி காயப் போடுற இடத்துல விழுந்து கிடந்தவளை நான் ஒருத்தன்தான் தூக்கினேன்."

ஆலிம்சா அவரைப் பார்த்தார். எழுதப்பட்ட விதிகளில் மாறாதது உண்டு, ஒன்றைச் சார்ந்து மாறுவதும் உண்டு என்று எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியவர், நெஞ்சு வரை மண்ணுக்குள் நின்றுகொண்டு, மாணவன் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப அது மாறக்கூடிய நாளா? நான் ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா? ஒரு மாசம் முன்னாடி?"

"எனக்குத் தெரியல மச்சான்," என்றார் கலந்தர். "மாறினது இவ்வளவுதான். அதைத்தான் என்னால சாட்சி சொல்ல முடியும்."

மேலே நின்றவர்கள் குழியை மூடுகிற முதல் பலகையை நீட்டினார்கள். ஆலிம்சாவுக்குக் கை எழவில்லை. கலந்தர் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை அவர் கையில் எடுத்து வைத்தார்.